நடைப்பாட்டின் கடைசிப் பெயர்

சாத்தையா செத்த மறுவருஷம், பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை, அவர் கட்டிய நடைப்பாட்டை அவர் இல்லாமல் முதன்முறையாகச் சிட்டாள் சொன்னபோது, முந்நூற்றுப் பன்னிரண்டாவது நடையோடு முடிய வேண்டிய பாட்டு முடியாமல், யாரும் கட்டாத, யாரும் சொல்லிக்கொடுக்காத இன்னொரு நடை அவள் வாயிலிருந்து தானாக வந்தது. அந்த நடையின் கடைசியில் தங்கப்பொண்ணு என்று பெயர் விழுந்தது. முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தங்கப்பொண்ணு எச்சிலைத் துப்பிவிட்டு எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, எல்லைக் கேட்டைத் தாண்டி இரும்புப் பாலத்தில் ஏறி நடந்தாள். பாலம் நாற்பது தப்படி நீளம். இந்த முனையில் ஏறியவள் அந்த முனையில் இறங்கவில்லை.

அது நாட்டின் கடைசி ஊர். பாலத்துக்கு இந்தப்புறம் ஒரு கேட், அந்தப்புறம் பர்மாக்காரன் கேட். காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை நாலு மணிக்கு மணியடித்து மூடுவார்கள். அந்த ஊரில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்றால் ராமநாதபுரத்தில் இருக்கிற சொந்தக்காரர்களே நம்பமாட்டார்கள். பர்மாவில் இருந்த பிழைப்பு பறிபோனபிறகு சட்டியும் பானையும் பிள்ளையுமாக மாதக்கணக்கில் மலைகளைத் தாண்டி நடந்து வந்தவர்கள். வந்து சேர்ந்த இடத்தில் கால் ஓய்ந்து உட்கார்ந்தவர்கள். வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். குழி வெட்ட நேரமில்லை, நின்று அழவும் நேரமில்லை, பின்னால் வருகிறவர்கள் தாண்டிப் போனார்கள். அப்படித் தாண்டி வந்தவர்களில் ஒருவர்தான் சாத்தையா. கேட்டில் மூட்டை தூக்கிக்கொண்டே, விழுந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு நாலு அடியாகப் பாட்டுக் கட்டினார். ஒவ்வொரு நடையும் முந்தினவர் பெயரில் தொடங்கி, தன்னுடையவர் பெயரில் முடியும். உயிரோடு நடக்கும்போது தனியாக விழுந்தவர்கள் பாட்டிலாவது ஒருவர் பின்னால் ஒருவராகப் போகட்டும் என்பது அவர் கணக்கு.

*மாடத்தி கைப்பிடித்து மலையேறி வந்தவராம்,*
*கூடத்தில் விளக்கணைத்துக் கும்பிட்டுப் பிரிந்தவராம்,*
*மூணாம் மலை முடியிலே மூச்சிரைத்து நின்றவராம்,*
*கோணாத மூங்கிலடி சாய்ந்தாரே முத்துராக்கு.*

முத்துராக்கு என்று முடிந்ததும் கூட்டம் அந்தப் பெயரை மூன்று தடவை திருப்பிச் சொல்லும். அதற்குப் பிறகு 'முத்துராக்கு' என்றே அடுத்த நடை தொடங்கும். சொல்கிறவர் தடுமாறினால் கூட்டத்தில் யாராவது அடி எடுத்துக் கொடுக்க வேண்டும்; எடுத்துக் கொடுத்த அடியைச் சொல்கிறவர் கண் இமைக்காமல் வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும். நன்றி சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது. அதுதான் முறை. சாத்தையா எழுதி வைக்க விடவில்லை. "காயிதத்தைக் கேட்டுல புடுங்கிக்கிருவான். வாயை எவன் சோதனை போடுவான்?" என்பார். தமிழ்ச் சங்கச் செயலாளர் நாகசுந்தரம் ஒரு வருஷம் எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார். அது யாருக்கும் நிற்காமல் தன்பாட்டுக்குப் போனது. மூன்று தடவை பெயர் சொல்ல இடம் விடவில்லை. இருபதாவது நடை வருவதற்குள் கூட்டம் எழுந்துபோய்விட்டது.

சிட்டாளுக்குப் பாட்டு எப்படி வந்தது என்றால், கேட்டுக்கு எதிரே அவள் மொய்ங்காக் கடை போட்டிருந்ததுதான் காரணம். மீனும் வாழைத்தண்டும் போட்டுக் காய்ச்சிய குழம்பை நூடுல்ஸில் ஊற்றிக் கொடுக்கும் கடை. மூட்டை இறக்கிவிட்டு வரும் சாத்தையா அங்கே உட்கார்ந்துதான் கட்டுவார். கட்டியதை அவள் காதில் போட்டுப் பார்ப்பார். அவள் கரண்டியை நிறுத்தினால் நல்ல நடை, நிறுத்தாவிட்டால் கலைத்துவிட்டு வேறு கட்டுவார். அவர் போனபோது முதலிலிருந்து கடைசிவரை சிந்தாமல் வைத்திருந்த வாய் அவளுடையது ஒன்றுதான்.

தங்கப்பொண்ணு போன அன்றைக்கு ஆற்றில் வலை போட்டுத் தேடினார்கள். அடுத்த வருஷம் இன்னொருவர் போனார். அதற்கடுத்த வருஷம் யாரும் தேடவில்லை. மனிதர்களுக்கு எதுவும் பழகிப்போகும். போகிறவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளையாக அந்த மலைகளை நடந்து வந்தவர்கள் என்பதை நாகசுந்தரம்தான் முதலில் கவனித்தார். அன்றைக்கே விழுந்திருக்க வேண்டியவர்கள், மிச்ச நடையை இப்போது நடக்கிறார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது, பேசப் பேச அது நியாயமாகவும் பட்டது. மூன்றாம் வருஷத்திலிருந்து நடை ஒரேயடியாக வராமல் பங்குனி பிறந்ததும் அடி அடியாக வந்ததால், சிட்டாள் பெயரை முன்கூட்டியே சங்கத்தில் சொன்னாள். சங்கம் அந்த வீட்டுக்குப் புதுச்செருப்பு வாங்கிக் கொடுத்தது. கல்யாணம் பேசுகிறவர்கள் பங்குனி கழியட்டும் என்றார்கள். ஒரு குடும்பம் கெஜட்டில் பெயரையே மாற்றிக்கொண்டது. அந்த வருஷ நடை புதுப்பெயரிலேயே முடிந்தது, அதுவும் இனிஷியலோடு. கேட்டுக் காவலுக்கு எங்கெங்கிருந்தோ மாற்றலாகி வரும் சிப்பாய்களுக்கு முதலில் இது பெரிய தலைவலியாக இருந்தது. பிடித்தால் கை வழுக்குகிறது, குறுக்கே நின்றால் ஆள் எப்படியோ அந்தப் பக்கம் இருக்கிறது. பிறகு அவர்களும் மரியாதை கற்றுக்கொண்டார்கள். கடைசி நடை சொல்லி முடிகிறவரை நாலு மணி மணியை அடிக்காமல் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது என்று அதிகாரியே உத்தரவு போட்டார்.

நிறுத்திப் பார்க்காமலும் இல்லை. நாலாவது வருஷம் பாட்டே வேண்டாம் என்று சங்கம் கைதூக்கி முடிவெடுத்தது. அன்று சிட்டாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பழக்கம் விடாமல் எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர், "எங்க ஆத்தாளை மட்டும் சொல்லிக்கிறேன், வருஷத்துக்கு ஒருக்காத்தானே" என்று நாலு அடி சொன்னார். அது முடிந்த பெயரில் தொடங்கும் நடை பக்கத்தில் இருந்தவளின் தம்பியுடையது. தம்பியை எப்படி விடுவது? அவள் சொன்னாள். அவளுக்கடுத்து வேறொருவர். இப்படியே ஒவ்வொருவரும் தன்னவரை மட்டும் சொல்லிச் சொல்லி, சாயங்காலத்துக்குள் பாட்டு, ஊருக்கு முன்பே தெரிந்திருந்த புது நடை உட்பட, கடைசிவரை வந்துவிட்டது. அந்த வருஷமும் ஒருவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு நிறுத்துகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

போன வருஷம் சேவுகமூர்த்தி. அவர் முந்தின வருஷமே பயந்துபோய்ச் சென்னைக்கு ரயிலேறி மகள் வீட்டில் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். எதற்குக் கிளம்பினோம், எத்தனை வண்டி மாறினோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவருடைய மகன் தினகரன் அதற்குப் பத்து நாள் முன்பு சிட்டாளின் கடையில் வந்து நின்று கெஞ்சியிருந்தான். "அக்கா, அந்த ஒரு பேரை மட்டும் முழுங்கிருங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"என் கையில என்ன தம்பி இருக்கு," என்றாள் சிட்டாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அவனுக்கு ஒரு கிண்ணம் மொய்ங்காவும் ஊற்றிக் கொடுத்தாள்.

இந்த வருஷம் பங்குனி ஐந்தாம் தேதி, விடிந்து அடுப்பு மூட்டும்போது முதல் அடி வந்தது. *சேவுகமூர்த்தி போனவழி சிரித்தமுகம் ஒன்று வரும்.* வழக்கம்போல வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூங்கில் தட்டிச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நிமிஷம் நின்றது, மறுபடி தொடங்கியது. எட்டாம் தேதி இரண்டாவது அடி: *நாவுக்குப் பிடித்ததெல்லாம் நாலுவீட்டில் கேட்டுத் தின்னும்.* சிட்டாள் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை. நாலு வீட்டில் கேட்டுத் தின்கிற சிரித்த முகம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது அந்த நேரத்தில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தது.

கோட்டைச்சாமி அவள் புருஷன். இந்த ஊரிலேயே பிறந்தவன். மலைகளை நடந்து வந்தவனில்லை, எட்டு வருஷமாகப் போனவர்களின் கணக்கில் அவன் வரவே கூடாது. கேட்டில் மூட்டை தூக்கி, ஒருநாள் சாக்கோடு சறுக்கி விழுந்து, இடதுகால் கொஞ்சம் நொண்டும். அவனை அவளுக்குப் பிடிக்கும். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகும் பிடிக்கும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனை நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே இருப்பாள்; அவனும் அதைப் புரிந்துகொண்டு நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற மாதிரியே நடந்துகொள்வான்.

"இந்த வருசம் யாரு சிட்டு?" என்றான், தண்டைப் பார்த்தபடியே. "வீரம்மா அத்தைதான்னு நான் நெனைக்கிறேன். மருமகளோட சண்டை போடுறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல."

"இன்னும் வரல," என்றாள் சிட்டாள்.

"தேதி எட்டாச்சு."

"வரலன்னா வரலதான். தண்ட மெல்லிசா நறுக்குங்க. மாட்டுக்கா போடுறோம்?"

மூன்றாவது அடி பத்தாம் தேதியும், கடைசி அடி பெயரோடு பதிமூன்றாம் தேதியும் வந்தன. பெயர் வந்தபோது வாயில் துண்டைத் திணித்துக்கொண்டாள். துண்டுக்குள்ளேயும் அது ஓடியது. அவளுக்குத் தினகரன் ஞாபகம் வந்தான். என் கையில என்ன தம்பி இருக்கு என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டாள், நினைக்க நினைக்க வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது, ஆனால் எட்டு வீட்டு ஆளைப் பாலமேற்றிய வாய் ஒன்பதாவது வீட்டில் அடங்கிக்கொள்வது அநியாயம் என்பதைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நாகசுந்தரம் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், மூன்றாம் தடவை தானே வந்தார்.

"செருப்புக்கு அளவு சொல்லணும்ல சிட்டாளு. கடைக்காரன் கேக்குறான்."

"வரலண்ணே. இந்த வருசம் விட்டுருச்சு போல."

விட்டுவிட்டது என்பதில் சந்தோஷப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "வந்தாச் சொல்லு," என்று போய்விட்டார்.

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. பாட்டைக் கொன்றுவிட அவளால் முடியாது, அதற்கு மனசும் இல்லை. கோட்டைச்சாமியின் அக்கா செல்லம் நாலு வயதில் விழுந்து நாற்பதாவது நடையாக இருந்தாள், அவளை நடுவழியில் விடமுடியாது. ஆகவே எல்லாரையும் சொல்லிச் சேவுகமூர்த்திவரை கொண்டுவருவது. ஆனால் மெதுவாகச் சொல்வது. சேவுகமூர்த்தி பெயரை மூன்று தடவை கூட்டம் சொல்லி முடிக்கும் நேரமும் மணி நாலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் வரவில்லை என்று சொல்லியிருப்பதால் அதோடு பாட்டு முடிந்தது என்று சிப்பாய் மணியடிப்பான், மணியடித்தால் கேட் மூடும். மூடிய கேட்டை இதுவரை யாரும் தாண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினாள். கேட்டுக்கு முன்னால் மைதானத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். வெயில் இருந்தது, ஆனால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று சுத்தமாக இல்லை. பெயர் வராத வருஷம் என்று ஊருக்குள் தெரிந்திருந்ததால் எல்லாரும் தங்களுடைய வீட்டு ஆட்களை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று. கோட்டைச்சாமி மட்டும் எங்கேயோ வாங்கின வறுத்த கடலையை நாலைந்து பேருக்குப் பங்குபோட்டுக்கொண்டிருந்தான். முன்வரிசையில் பஞ்சவர்ணம் இருந்தாள். அடி எடுத்துக் கொடுப்பதில் அவளுக்கு நிகர் அந்த ஊரில் கிடையாது. சொல்கிறவருக்கு மூச்சு தட்டுவதற்குள் அடியை வைத்துக்கொண்டு காத்திருப்பாள், அவளுடைய அம்மா எண்பத்தெட்டாவது நடை.

சிட்டாள் இழுத்து இழுத்துச் சொன்னாள். செல்லம் வந்து போனாள். பஞ்சவர்ணத்தின் அம்மா வந்து போனாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக மலையிறங்கிப் போனார்கள். தங்கப்பொண்ணு எழுந்து போன இடத்தில் இப்போது அவள் பேத்தி உட்கார்ந்திருந்தாள். முந்நூற்று இருபதாவதாகச் சேவுகமூர்த்தி வந்தார். மூன்றாம் வரிசையில் தினகரன் தலையைக் குனிந்துகொண்டான். "சேவுகமூர்த்தி, சேவுகமூர்த்தி, சேவுகமூர்த்தி" என்றது கூட்டம்.

காவல்கூண்டுச் சுவரில் கடிகாரம் நாலு காட்டியது. அவள் கணக்கு ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. மணிக்குக் கீழே சிப்பாய் சுத்தியலோடு நின்றிருந்தான். அடிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, உத்தரவுப்படி, மரியாதையாகக் காத்திருந்தான்.

முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்கு வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் எது வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே உதடுகளைக் கடித்துக்கொண்டு அந்தச் சிப்பாயைப் பார்த்தாள், அடிடா அடிடா என்று கண்ணால் கெஞ்சினாள். முந்நூறு பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். அந்த மௌனத்தைப் பஞ்சவர்ணத்தால் பொறுக்கமுடியவில்லை. பாவம், மறந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தாள். மூங்கில் தட்டி வழியாக அன்றைக்குக் கேட்டதை வைத்து, அந்த ஒரு அடி மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்பதால் அது யாரைப் பற்றியது என்று தெரியாமலே, முப்பது வருஷமாகச் செய்கிற உபகாரத்தைச் செய்தாள்.

"சேவுகமூர்த்தி போனவழி சிரித்தமுகம் ஒன்று வரும்," என்று எடுத்துக் கொடுத்தாள்.

எடுத்துக் கொடுத்த அடியைச் சொல்கிறவர் கண் இமைக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். சிட்டாளின் நாக்குக்கு அது தெரியும், சிட்டாளைக் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அவள் தடுப்பதற்குள் வாங்கிக்கொண்டுவிட்டது.

*நாவுக்குப் பிடித்ததெல்லாம் நாலுவீட்டில் கேட்டுத் தின்னும்,*
*பாலத்தில் அடிவைத்தால் பழுதுபட்ட கால் நிமிரும்,*
*கூலத்துச் சாக்கிறக்கி நடப்பாரே கோட்டைச்சாமி.*

கடைசி அடி முழுவதும் அவளுக்குக் கேட்டது, வேறு யாரோ சொல்கிற மாதிரி, நல்ல தெளிவாக. கூட்டம் உடனே திருப்பிச் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் தலையில் கைவைத்துக்கொண்டு, "அய்யோ எனக்குத் தெரியாதே, எனக்கு ஒரு அடிதானே தெரியும்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமி மடியிலிருந்த கடலைத்தோலைத் தட்டிவிட்டு எழுந்தான். எழுந்தவன் கேட்டுக்குப் போகாமல் முதலில் அவளிடம் வந்தான்.

"தெரியுமா ஒனக்கு?" என்றான்.

"எட்டாந்தேதியே தெரியும்."

"அதான் அந்த ஏச்சு ஏசுனியா தண்டுக்கு." அவன் சிரித்தான். "தொண்ட கட்டியிருக்கு. போயித் தண்ணியக் குடி."

செருப்பு யாரும் வாங்கி வைக்கவில்லை. எல்லாரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். தினகரன் எழுந்து வந்து தன் காலிலிருந்ததைக் கழற்றி அவன் முன்னால் போட்டான், சிட்டாளின் முகத்தைப் பார்க்காமல், "எங்கப்பா பின்னாடிதானே போறாரு. பாத்துக்கிருவாரு," என்றான். அதில் ஒரு துளி கோபம்கூட இல்லாததுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அவள் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். இருபத்தெட்டு வருஷமாகத் தெரிந்த மணிக்கட்டு, எண்ணெய் தடவியதுபோல வழுக்கியது. மறுபடி பிடித்தாள், சட்டையைப் பிடித்தாள், இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிய கைக்குள் அவன் இல்லாமல் நாலு தப்படி முன்னால் இருந்தான். பாலத்தில் கால்வைத்ததும் நொண்டல் நின்றது. நிமிர்ந்து, கல்யாணத்தில் பார்த்த உயரத்தில் நடந்தான். பத்து, பதினைந்து, இருபது தப்படி. இருபத்தொன்றாவது தப்படியில் பாலம்தான் இருந்தது. அப்போதுதான் சிப்பாய் மணியை அடித்தான். பின்னாலிருந்து கூட்டம், சொல்லாமல் விட்டால் அவன் தனியாகிவிடுவான் என்ற பயத்தில், ஒவ்வொரு வாயாக அவன் பெயரைச் சொல்லத் தொடங்கி மூன்று தடவை சொல்லி முடித்தது.

இனிமேல் அவள் பாட்டைச் சொல்லமாட்டாள் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். சொல்லாமல் இருந்தால் கோட்டைச்சாமியை யார் கூட்டிக்கொண்டு போவது என்று மீதிப்பேர் கேட்டார்கள். பஞ்சவர்ணம் மூன்று நாள் சோறு கொண்டுவந்து வைத்தாள், நான்காம் நாள் சிட்டாள் தானே அடுப்பு மூட்டிக் கடையைத் திறந்தாள். அப்போது சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பங்குனி பிறக்காமல் வந்தே பழக்கமில்லாத அடி, கரண்டியை எடுக்கும்போது அவள் வாய்க்குள் வந்து நின்றது. கோட்டைச்சாமி பெயரில் தொடங்கியது.

கடையில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தினகரனும் இருந்தான். சிட்டாள் அதை முழுங்கவில்லை. மைதானத்தில் சொல்கிற குரலில், எல்லாருக்கும் கேட்கிறபடி சொன்னாள்:

*கோட்டைச்சாமி பேர்சொல்லிக் கூவிக்கொண்டு ஓடிவரும்.*

அவன் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டு பின்னால் ஓடக்கூடிய வாய் ஊரில் ஒன்றுதான் இருந்தது. தினகரன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். சிட்டாள் கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு, அடுத்த அடி வரட்டும் என்று காத்திருந்தாள்.